துப்பாக்கிக் கடையில் ஒரு கேள்வி

அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ள கடையில் துப்பாக்கி வாங்கப் போகிறவன் 4473 என்ற எண்ணுள்ள பாரம் ஒன்றை நிரப்பித் தரவேண்டும். அதில் ஒரு கேள்வி: எப்போதாவது மனக்குறையுள்ளவன் என்று தீர்ப்பானதுண்டா, மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி உத்தரவானதுண்டா? 'உண்டு' என்றால் துப்பாக்கி கிடையாது. நியாயந்தானே என்பீர்கள். இல்லை என்பது என் கட்சி.

துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்துக்கொள்ளும் பித்தை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்பது வேறு கேள்வி! ஆனால் அந்த 'எப்போதாவது' இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மிச்சிகனில் ஒரு மனிதர். 1985-இல் மனைவி விட்டுப் போனாள். துயரத்தில் நிலைகுலைந்தவரை 1986 ஜனவரியில் கோர்ட்டு உத்தரவின்பேரில் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். ஒரு மாதங்கூட இல்லை; வெளியே வந்தார், உழைத்தார், மறுமணம் செய்துகொண்டார். 2011-இல் துப்பாக்கி கேட்டபோது பழைய ஏடு குறுக்கே நின்றது. நோய் ஏதுமில்லை என்று 2012-இல் பரிசோதித்தவர் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தடைக்குக் கெடு வைக்கவில்லை. விலக்குக் கேட்க ஒரு வாசல் இருந்தது. 1992-இல் காங்கிரஸ் அதற்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்திவிட்டது. வாசலைக் கட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்ட கதை! 2016-இல் அப்பீல் கோர்ட்டு அவர் வழக்குக்கு உயிர் கொடுத்தபோது அவருக்கு வயது 74.

சரி, ஏடாவது காப்பாற்றுகிறதா? வர்ஜீனியாவில் 2005 டிசம்பரில் ஒரு மாணவனை, தன் உயிருக்கே ஆபத்தானவன் என்று தீர்மானித்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டார்கள். உள்ளே படுக்க வைத்தவர்களின் பெயரை மட்டுமே அனுப்புவது அப்போது அந்த மாநிலத்து வழக்கமாக இருந்தது. அவன் பெயர் ஏறவில்லை. 2007-இல் கடைகளிலேயே இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினான். ஏப்ரல் 16-ஆம் தேதி 32 பேர் மாண்டார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறவர்கள். தானாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவனை, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவனை, மத்தியச் சட்டம் தடுப்பதே இல்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்? 'டாக்டரிடம் வாய் திறந்தால் ஏட்டில் ஏறிவிடுவோம், துப்பாக்கி போய்விடும்' என்று அஞ்சுகிறவன் டாக்டரின் வாசலையே மிதிக்கமாட்டான். துப்பாக்கியும் அவனும் ஒரே அறையில் இருப்பார்கள். எவனுக்காகச் சட்டம் செய்தார்களோ, அவனையே அது இருட்டுக்குள் தள்ளுகிறது.

கேட்கவேண்டியது இன்றைய நிலையை. கனெக்டிகட் மாநிலம் 1999-இல் அதற்கு வழி செய்தது. அண்மையில் ஒருவன் விடுத்த மிரட்டலையும் செய்த காரியத்தையும் காட்டிப் போலீசார் நீதிபதியிடம் வாரண்டு பெறலாம். துப்பாக்கியை எடுத்து வைக்கலாம். பிறகு விசாரணை நடக்கும். ஆபத்தில்லை என்று தெரிந்தால் அவன் பொருள் அவனிடமே திரும்பும்.