18.6 கிலோ மேப்லித்தோ

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசிக்காரர்களுக்கு அடுத்த வருஷம் பிறந்துவிடும். பூஜை போட்டுப் புதுக் காலண்டர் ஆல்பங்களை அன்றைக்கு வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். தினசரி காலண்டரின் தாள் வருஷத்துக்கு வருஷம் மெலிகிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் புலம்ப உட்கார்ந்தேன்.

புதிதாக வாங்கிய ஒரு நாவல் எல்லாவற்றையும் கெடுத்தது. பாதியில் விரித்தேன். முதுகு படக்கென்று விட்டு, இரண்டு தாள் மடியில் விழுந்தது. யார் அச்சிட்டார்கள், என்ன பைண்டிங் என்று பார்க்க முன்பக்கத்தைப் புரட்டினால், அனுமதியில்லாமல் நகலெடுத்தால் என்ன கதி என்று ஒரு மிரட்டல். மற்றபடி விலையும் போன் நம்பரும். நூற்குறிப்பு எங்கே சார்?

பழைய புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தை அடுத்து நூற்குறிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும். தாள் 18.6 கி. மேப்லித்தோ, அளவு டெமி 1/8, எழுத்து 11 புள்ளி, படிகள் 1000, கட்டமைப்பு தையல் என்கிற ரீதியில் போகும். மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டு மாதிரி, உள்ளே இருப்பது இன்னது என்று வாங்குகிறவனுக்குச் சொல்லிவிடுகிற பக்கம் அது.

அந்த 18.6 கிலோ புத்தகத்தின் எடையல்ல. 23க்கு 36 அங்குலம் உள்ள டபுள் டெமி தாளில் ஒரு ரீம், அதாவது 500 ஷீட், தராசில் காட்டும் எடை. இன்றைய ஜிஎஸ்எம் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 70 வரும். 16 கிலோ என்று போட்டிருந்தால் 60. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஜெராக்ஸ் கடையின் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சரியாக 5 கிராம். சந்தேகமிருந்தால் நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்க்கலாம், அவர்கள் சம்மதித்தால்.

பக்கக் கணக்குக்கும் விலைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது பாரம். டெமி புத்தகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். 192 பக்கம் என்றால் பன்னிரண்டு பாரம், கச்சிதம். 193ஆவது பக்கத்துக்கு ஒரு வரி தள்ளினாலும் கால் பாரமோ அரைப் பாரமோ கூட ஓட்டியாக வேண்டும். மிச்சப் பக்கங்களில் பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகள் அணிவகுக்கும். கவிதைத் தொகுப்பின் கடைசியில் நாலு வெற்றுப் பக்கம் வந்தால் மௌனத்தின் குறியீடு என்று விமர்சனம் எழுதிவிடாதீர்கள். நூலகத் துறை விலை போட்டதும் பாரக் கணக்கில்தான்.

என் நாவல் உதிர்ந்த கதை பைண்டிங்கில் இருக்கிறது. மடித்த பாரங்களை அடுக்கி, மடிப்பின் ஊடே நூல் கோத்துத் தைப்பது ஒரு முறை. விரித்தால் படிந்து கிடக்கும், தாளும் உதிராது. பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகை அரைத்து மடிப்பையே எடுத்துவிடுகிறார்கள். தனித்தனித் தாள்களாகிவிட்டதைச் சூடான பசை ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பசை நல்லதாக இருந்து, தாளின் இழை முதுகோடு மேலிருந்து கீழாக ஓடினால் பிழைக்கும். ஷீட்டை மிச்சம் பிடிக்க இழையைக் குறுக்கே திருப்பி அச்சடித்தால், புத்தகம் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தால்தான் திறக்கும். அமுக்கினால் முதுகு போச்சு.

இத்தனையையும் நூற்குறிப்பில் எழுதச் சொல்லவில்லை. பைண்டிங் எது, தாள் எத்தனை ஜிஎஸ்எம், அச்சகம் எது என்று மூன்று வரி போட மை எவ்வளவு செலவாகும்? தெரிந்த பதிப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். தாளையும் பைண்டிங்கையும் போட்டுவிடலாம் சார், என்றார். "ஆனா அதைப் போட்டா, படிகள் எத்தனைன்னும் போடச் சொல்வீங்க. ஐம்பது ஐம்பதா டிஜிட்டல்ல அடிக்கிறோம். அப்புறம் எழுத்தாளர் ராயல்டி கணக்கைத் தூக்கிக்கிட்டு வருவார்."