ஐந்தடி ஒன்பது அங்குலம் போதுமா?

புது டிஃபெண்டர் ஒருவரை ஒரு கிளப் வாங்கிவிட்டால் ரசிகர்கள் மூன்றே மூன்று கேள்விகள்தான் கேட்பார்கள். ஆள் எவ்வளவு உயரம்? எந்த லீகிலிருந்து வருகிறார்? எத்தனை மில்லியன்? மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் தீர்ப்பு ரெடி. அவர் இன்னும் விமானம்கூட ஏறியிருக்க மாட்டார்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இருக்கும் கம்பெனிகளில் கால்பந்துப் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. வடசென்னைப் பையன்கள், கேரளாக்காரர்கள், மணிப்பூர், மிசோரம், அசாம் பக்கமிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் என்று எல்லாரும் உண்டு. ராத்திரி கம்பெனி பஸ்ஸில் ஒரே போனைச் சுற்றி நாலு தலை தெரிந்தால், ஒன்று கிரிக்கெட், இல்லையென்றால் இங்கிலீஷ் பிரீமியர் லீக். அதிலும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் தனி ஜாதி. ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்பல்லோ டயர்ஸ் 2013-இல் அந்தக் கிளப்போடு விளம்பர ஒப்பந்தம் போட்டது என்பதால், அந்தச் சிவப்புச் சட்டை இந்த ஏரியாவுக்குக் கொஞ்சம் சொந்தம் மாதிரி :-)

2022 ஜூலையில் அந்தக் கிளப் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியிலிருந்து லிசாண்ட்ரோ மார்ட்டினஸ் என்ற அர்ஜென்டினாக்காரரை வாங்கியது. இடதுகால் ஆட்டக்காரர், இடம் சென்டர் பேக். விலை சுமார் 57 மில்லியன் யூரோ. உயரம் 175 செ.மீ., அதாவது ஐந்தடி ஒன்பது அங்குலம்.

அவ்வளவுதான். "மச்சி, கார்னர் வந்தா இவன் என்னடா பண்ணுவான், ஏணி போட்டு ஏறுவானா?" என்ற ரகத்தில் ஆரம்பித்தது கிண்டல். "டச்சு லீக்ல யார் வேணாலும் நல்லா ஆடலாம்" என்பது அடுத்தது. "கோச் டென் ஹாக் தன் பழைய டீம் ஆளையே கூட்டிட்டு வர்றார்" என்பது மூன்றாவது.

ஆகஸ்ட் 13-ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டு மைதானத்தில் கிண்டல் செய்தவர்களுக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடத்துக்குள் நான்கு கோல் வாங்கியது யுனைடெட். இடைவேளையில் மார்ட்டினஸை வெளியே எடுத்தார் கோச். லிவர்பூலின் முன்னாள் டிஃபெண்டர் ஜேமி காரகரே இந்த உயரம் இங்கிலாந்தில் சரிப்படாது என்ற பொருளில் டி.வி.யில் பேசினார். விஷயம் தெரிந்தவரே சொன்ன பிறகு பஸ்ஸில் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஒன்பது நாள் கழித்து லிவர்பூலோடு ஆட்டம். பக்கத்தில் ஆறடி மூன்று அங்குல ரஃபேல் வரான். யுனைடெட் 2-1 என்று ஜெயித்தது. அந்தப் பருவத்தில் யுனைடெட் லீகில் மூன்றாம் இடம், லீக் கப் கையில், கோல்கீப்பர் டி ஹேயாவுக்கு லீகில் 17 ஆட்டங்களில் கோலே விழவில்லை. நடுவில் டிசம்பரில் மார்ட்டினஸ் அர்ஜென்டினாவோடு உலகக் கோப்பையும் ஜெயித்து வந்தார். "குள்ளன்" என்றவர்கள் எல்லாம் "கசாப்புக்காரன்" என்று செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

உயரம் பிரச்சினையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அது ஒரு குறைதான். ஆனால் அந்தக் குறையை மறைக்க ஒரு அணிக்கு வழிகள் உண்டு. பக்கத்தில் உயரமான ஆளை நிறுத்தலாம். தடுப்பு வரிசையை மேலே தள்ளி, பந்து பெட்டிக்குள் வருவதற்கு முன்பே பறிக்கலாம். பதிலுக்கு அவர் தரும் லாபம், பின்னாலிருந்தே எதிரணியின் இரண்டு வரிசைகளைக் கிழித்துக்கொண்டு போகும் பாஸ். வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் கணக்கு சரியாகும். ரசிகர்கள் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கடையை மூடிவிட்டார்கள்.

சரி, "டச்சு லீக்" வாதம்? அதற்கும் அதே வருடத்திலேயே பதில் இருக்கிறது. அதே கோடையில், அதே அயாக்ஸிலிருந்து, அதே கோச்சுக்காக வந்தவர்தான் முன்கள ஆட்டக்காரர் ஆன்டனி. விலை 95 மில்லியன் யூரோ. முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் கோல் அடித்தார். "காசு வசூல்" என்று கொண்டாடினார்கள். கடைசியில் என்ன ஆனது? 2025 ஜனவரியில் ஸ்பெயினின் ரியால் பெட்டிஸுக்குக் கடனாகப் போனார், அதே வருடம் செப்டம்பரில் ஒரேயடியாகவே போய்விட்டார். முதல் மூன்று ஆட்டத்தில் புகழப்பட்டவர் தேறவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் பாதியில் வெளியே போனவர் தேறினார். இரண்டு பேரும் வந்த லீக் ஒன்றுதான். அப்படியென்றால் லீகின் பெயரை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

டிஃபெண்டருக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. அவர் செய்யும் நல்ல காரியம் கண்ணில் படாது. லைனில் குவாலிட்டி பார்க்கும் ஆளைப் போலத்தான். அவர் பிடித்து நிறுத்திய குறைப் பொருள் வெளியே போகவே போகாது, அதனால் அதைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள். ஒன்று தப்பிப் போனால் போதும், மீட்டிங்கில் அவர் பெயர்தான் முதலில் வரும்.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? சென்னையின் எஃப்.சி.யின் மெயில்சன் ஆல்வஸ். பிரேசில் டிஃபெண்டர். 2015-இல் வந்தபோது இங்கே அவரை யாருக்கும் தெரியாது. 2018 மார்ச் 17, பெங்களூரு மைதானம், ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. நெதர்லாந்துக்காரர் கிரெகரி நெல்சன் அடித்த கார்னர்களில் தலையால் இரண்டு கோல் போட்டார். சென்னை 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. இன்றைக்கு மெயில்சன் என்றால் எல்லாருக்கும் அந்த இரண்டு கோல்தான் ஞாபகம் வரும். அந்தப் பருவம் முழுக்க அவர் தடுத்த பந்துகளை யாராவது சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம். டிஃபெண்டரைப் பாராட்டுவதற்குக்கூட அவர் கோல் அடிக்க வேண்டியிருக்கிறது!

அந்தச் சென்னை அணிக்கு 2015-இல் முதல் கோப்பை வாங்கித் தந்த மேனேஜர் மார்க்கோ மாட்டராட்ஸி. ஆறடி நான்கு அங்குலம். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலியின் தடுப்பில் அவருக்குப் பக்கத்தில் நின்ற கேப்டன் ஃபாபியோ கன்னவாரோ, கிட்டத்தட்ட மார்ட்டினஸ் உயரம்தான். அந்த வருடம் பாலோன் டி'ஓர் விருது வாங்கியது கன்னவாரோ. உயரக் கேள்விக்கு 2006-லேயே பதில் வந்துவிட்டது, கவனிக்கத்தான் ஆளில்லை.

இதில் வேடிக்கை, மார்ட்டினஸ் விஷயத்தில் உண்மையான நஷ்டம் யாரும் பேசாத பக்கத்திலிருந்து வந்தது. 2023 ஏப்ரலில் பாதத்தில் எலும்பு முறிவு. அடுத்த பருவத்தில் பெரும்பகுதி ஆடவில்லை. 2025 பிப்ரவரியில் முழங்கால் தசைநார் கிழிந்தது, நவம்பர் கடைசியில்தான் மறுபடி களத்தில் இறங்கினார். அதே 2022-இல் டச்சு அணியான ஃபெயனூர்டிலிருந்து வந்த இடது பேக் மலாசியாவும் முழங்கால் காயத்தால் ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை. காயத்தை ஜாதகம் பார்த்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் உயரத்தைப் பற்றிப் பேசியதில் பத்தில் ஒரு பங்காவது "உடம்பு தாங்குமா?" என்று யாராவது பேசினார்களா?

கம்பெனிகள் கம்பெனிகளை வாங்குவதிலும் இதே கதைதான். அப்பல்லோ டயர்ஸ் 2009-இல் நெதர்லாந்தின் வ்ரெடெஸ்டைன் டயர் கம்பெனியை வாங்கியது. ஆடிட்டர், வக்கீல் எல்லாரும் உட்கார்ந்து மாதக்கணக்கில் கணக்குப் பார்க்கிற வியாபாரம் அது. ஐரோப்பாவில் நல்ல பிராண்டும் சந்தையும் கிடைத்தன. அப்படியும் என்ஷெடேயில் இருக்கும் அந்த டச்சு ஆலையில் 2026-இல் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2025-இல் அறிவித்தார்கள். லாபமா நஷ்டமா என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா? பதினாறு வருடம் ஆகியும் பதில் சுலபமில்லை. பத்து நிமிட யூடியூப் வீடியோவில் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லிவிட முடியுமா என்ன?

கடைசியாக ஒன்று. வேலைக்கு ஆள் எடுக்கும் நோட்டீஸில் வயது இவ்வளவு, எடை இத்தனை கிலோவுக்கு மேல் என்று படித்துப் படித்துப் பழகிய ஏரியா இது. உள்ளே போய் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் "காண்டிராக்ட்", "டிரெய்னி" என்ற பெயர் மாறாமல் மாதங்கள் போவதும் இங்கே புதுசில்லை. செய்யும் வேலையைப் பார்க்காமல் ஆளை அளந்தால் எப்படி வலிக்கும் என்று இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? தன் மேல் வைக்கும்போது தப்பாகத் தெரியும் அளவு டேப், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிறவன் மேல் வைக்கும்போது மட்டும் சரியாகிவிடாது.

அடுத்த முறை ஒரு புது டிஃபெண்டர் வரும்போது கேள்விகளை மாற்றலாம். பக்கத்தில் நிற்கப்போவது யார்? கோச் இவரிடம் என்ன வேலை கேட்கிறார்? ஒரு பருவம் முழுக்க ஆட உடம்பு இடம் தருமா? இவற்றுக்கு வந்த அன்றே பதில் கிடைக்காது. இருபது ஆட்டமாவது பொறுத்திருக்க வேண்டும். அதுவரை கார்னர் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கலக்கட்டும், ரசிகனாக இருப்பதே அதற்குத்தானே!