இணையப் பழுதைக் கண்டறியும் வழிகளை அடைக்காதிருக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர் சங்கம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்,
புதுதில்லி.

பொருள்: இணையச் சேவை நிறுவனங்கள் ஐசிஎம்பி பாக்கெட்டுகளைத் தடுப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அச்சகம், மருந்துக்கடை, ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம் போன்ற இடங்களில் கணினி இணைப்புகளைப் பராமரிப்பவர்கள் நாங்கள். நெட் வரவில்லை என்றால் முதல் போன் எங்களுக்குத்தான் வரும். பழுது கடைக்குள்ளா, தெருக் கேபிளிலா, சேவை நிறுவனத்திலா, அதற்கும் அப்பாலா என்று பிரித்தறிய எங்களுக்குக் கைகொடுப்பவை பிங்கும் டிரேஸ்ரூட்டும். சில நிறுவனங்கள் ஐசிஎம்பி பாக்கெட்டுகளைத் தடுத்து இவ்விரண்டையுமே அடைத்துவிட்டன.

டிரேஸ்ரூட் போட்டால் முதல் வரியில் கடையின் ரவுட்டர் 192.168.1.1 உடனே பதில் தருகிறது. அடுத்த வரியிலிருந்து 30ஆம் வரி வரை மும்மூன்று நட்சத்திரக் குறிகள். இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலும் இதே நட்சத்திரங்கள்தான். ஆகவே பழுதான நாளில் இவற்றை வைத்து எதுவும் சொல்ல முடிவதில்லை. 443ஆம் போர்ட்டுக்கு டிசிபி பாக்கெட் அனுப்பிப் பார்க்கலாமே என்பார்கள். மறுமுனை சர்வர் பதில் தருகிறதா என்பது அதில் தெரியும். ஆனால் பாக்கெட்டின் ஆயுள் முடிந்தது என்று இடையிலுள்ள ரவுட்டர் திருப்பியனுப்பும் செய்தியும் ஐசிஎம்பிதானே. அதையும் தடுத்தால் வழி எங்கே அறுந்தது என்று எப்படிக் காண்பது? வாடிக்கையாளர் சேவையில் "எங்க சைடுல லைன் சரியா இருக்கு, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார்கள். மறுத்துப் பேச எங்களிடம் சான்று இல்லை. நன்றாக இருக்கும் ரவுட்டரை மாற்றும் செலவு கடைக்காரர் தலையில் விழுகிறது.

பாக்கெட் அளவு பற்றிய ஐசிஎம்பி செய்தியைத் தடுப்பது இதைவிடக் கொடுமை. ஈதர்நெட்டில் 1500 பைட் போகும். பிபிபிஓஇ இணைப்பில் வழக்கமாக 1492தான். பெரிய பாக்கெட் வந்தால், இவ்வளவுதான் போகும் என்று அனுப்பிய சர்வருக்கு ரவுட்டர் தெரிவிக்க வேண்டும். அச்செய்தி நடுவழியில் தடுக்கப்பட்டால் சர்வர் அதே பெரிய பாக்கெட்டையே மீண்டும் மீண்டும் அனுப்பும். இணைப்பு கிடைக்கும், பக்கம் மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐபிவி6இல் இடைவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை என்பதால் நிலைமை இன்னும் மோசம். இச்செய்தியைத் தடுக்கக் கூடாது என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4890 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் தெளிவாகவே சொல்கிறது.

பாதுகாப்புக்காகத் தடுக்கிறோம் என்கிறார்கள். 2003இல் வெல்ச்சியா என்ற கணினிப் புழு பிங் வெள்ளத்தைக் கிளப்பிப் பரவியபோது 92 பைட் பிங் பாக்கெட்டுகளைத் தடுத்தார்கள்; விண்டோஸின் டிரேஸ்ரூட் கட்டளையான டிரேஸர்ட்டின் பாக்கெட்டும் அதே அளவு என்பதால் அதுவும் சேர்ந்து முடங்கியது. அன்றைய அவசரம் எங்களுக்குப் புரிகிறது. அதை நிரந்தரமாக்குவதை ஏற்க முடியாது. வினாடிக்கு இத்தனை பாக்கெட் என்று வரம்பு வைத்தாலே வெள்ளம் அடங்கும்.

பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஆணையம் 2006ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே வகுத்தது. பணம் கட்டும் வாடிக்கையாளர் அதைத் தாமே அளந்து பார்க்க வழியில்லாவிட்டால் அந்த வரையறையால் அவருக்கு என்ன பயன்?

ஆகவே, ஆயுள் முடிந்தது என்ற செய்தியையும் பாக்கெட் அளவுச் செய்தியையும் எந்த நிறுவனமும் தடுக்கக் கூடாது என்று உடனடியாக ஆணையிட வேண்டுகிறோம். பிங்கிற்கு வேக வரம்பு வைக்கலாம், முழுத் தடை கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வலையமைப்புக்குள் ஒரு சோதனை முகவரியை அறிவிக்க வேண்டும். புகார் எண்ணுடன் டிரேஸ்ரூட் முடிவையும் பதிவு செய்து, பழுது எந்தப் பகுதியில் இருந்தது என்று எழுத்துமூலம் பதில் தர வேண்டும். பின்னிரண்டுக்கும் அவகாசம் தரலாம். முதலிரண்டுக்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை, ஃபயர்வால் விதிகளைத் திருத்தினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் சார்பில்
தலைவர், செயலாளர்