இறக்குவது, காய்ச்சுவது, கலப்பது

கள்ளை இறக்குவார்கள், சாராயத்தைக் காய்ச்சுவார்கள். இந்த இரு வினைச்சொற்களையும் நம் மக்கள் பெரும்பாலும் இடம்மாற்றிப் புழங்குவதில்லை. மரமேறி இறக்கும் தொழில் வேறு, அடுப்பேற்றி ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் தொழில் வேறு என்பதைப் பேச்சுமொழி நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. அறியாதது செய்தித்தாள் மொழிதான். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இருமுறையும் தலைப்புகளில் வந்த சொல் ஒன்றே: கள்ளச்சாராயம். ஆனால் அம்மக்களைக் கொன்றது காய்ச்சியதில் நேர்ந்த குறைபாடன்று. ஆலைகளின் உபயோகத்துக்கான மெத்தனாலை ஒருவர் விற்க, ஒருவர் வாங்கிக் கலக்க, ஒருவர் பொட்டலமாக்கி விநியோகிக்க நிகழ்ந்த சாவு அது. இறக்குதல், காய்ச்சுதல் என்ற இரண்டோடு 'கலத்தல்' என்ற மூன்றாவது வினை ஒன்று நம்மிடையே புகுந்து நெடுநாளாயிற்று. அதற்குரிய பெயர்ச்சொல்லை மட்டும் நாம் இன்னும் உண்டாக்கிக்கொள்ளவில்லை. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் காய்ச்சுதலைப் பார்ப்போம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, மே 7 வரை அரசு மதுக்கடைகள் மூடிக் கிடந்த நாட்களில் தமிழகம் முழுவதும் திடீரென ஆயிரக்கணக்கான 'முதல்முறை' முயற்சியாளர்கள் தோன்றினார்கள். காணொளிகளைப் பார்த்து வீட்டுக் குக்கரில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி அன்றாடம் வந்தது. எஞ்சினியரிங் படித்தவர், கணினி வேலை பார்ப்பவர், வாகன ஓட்டுநர் என்று எல்லோரும் அதில் இருந்தனர். அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் முகச்சவரத்துக்குப்பின் பூசும் திரவத்தைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் சிலர் இறந்தார்கள். இங்கும் காய்ச்சியவர்கள் அல்லர், கலந்தவர்களே இறந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரும் அக்காலத்தில் ஒரு முயற்சி செய்தவர். பெயர் வேண்டாம், இன்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆலை மூடியிருந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த உடன்வேலைக்காரர்கள் ஊர்திரும்ப வழியின்றி அறைகளில் அடைந்து கிடந்தனர். இவர் வெல்லத்தையும் வாடிய திராட்சையையும் ரொட்டிக்கடை ஈஸ்டையும் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஊறப்போட்டுப் பரண்மேல் ஒளித்து வைத்தார். பின்னொரு நாள் என்னைப் பார்க்க வந்தபோது அவரே சொல்லிச் சிரித்தார்: "ரெண்டு நாள் நல்லா நுரைச்சுது சார். அப்புறம் பூரா காடி நாத்தம். அம்மா மூக்கைப் பிடிச்சிக்கிட்டு குடத்தோட தூக்கிக் கொல்லையில ஊத்திட்டாங்க." அடுப்பேற்றும் கட்டத்துக்கே அவர் போகவில்லை.

காடி என்று அவர் சொன்னது வேதியியல்படியும் சரியான சொல். ஊறலுக்குள் காற்று புகுந்தால் நுண்ணுயிர்கள் சாராயத்தைப் புளிக்காடியாக மாற்றிவிடுகின்றன. புதிதாய் முயல்வோருள் பலருடைய கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதையும் கடந்து அடுப்பேற்றியவர்களுக்குக் காத்திருந்தது வேறு. குக்கரின் துவாரத்தில் குழாய் செருகி, அது அடைத்துக்கொண்டால் பாத்திரம் வெடிக்கும். கசியும் சாராய ஆவி அடுப்புத் தீயைப் பற்றிக்கொள்ளும். சமையலறைக்குள் இதைச் செய்வது அறிவீனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. சட்டப்படி குற்றமென்பது ஒருபுறமிருக்க, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது போதாதா?

ஆயினும் அந்தக் குடத்தில் என்ன விஷம் இருந்திருக்கும் என்று கேட்டால், மரக்காணத்து விஷம் இருந்திருக்காது என்பதே விடை. சர்க்கரையை ஈஸ்ட் தின்று வெளியிடுவது எத்தனால். பழங்களின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் சிதைந்து மெத்தனாலும் சிறிதளவு உண்டாகும் என்பது உண்மை. வெல்ல ஊறலில் அது மிக மிகக் குறைவு. ஊரையே சாய்க்கும் அளவு மெத்தனால் ஊறலிலிருந்து வருவதில்லை, பீப்பாயிலிருந்துதான் வருகிறது. இதனோடு இன்னொரு மூடநம்பிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெத்தனால் ஏறத்தாழ 65 பாகையிலும் எத்தனால் 78 பாகையிலும் கொதிக்கும், ஆகவே முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் விஷம் போயிற்று என்று காணொளி ஆசான்கள் போதிக்கிறார்கள். கலவையில் இவை அவ்வளவு ஒழுங்காக வரிசைகட்டி வெளியேறுவதில்லை; ஒன்றோடொன்று கலந்தே ஆவியாகின்றன. கலப்படச் சரக்கை மறுபடி வடித்தால் பாதுகாப்பாகிவிடும் என்று நம்பினால் உயிர் போகும்.

நாக்குக்கும் மூக்குக்கும் வேறுபாடு தெரியாது என்பதே மெத்தனாலின் கொடுமை. குடித்தவுடன் போதையும் கிடைக்கும். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிய பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. அதற்கு அரைநாளோ ஒரு நாளோ ஆகலாம். எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண்முன் பனிமூட்டம் என அடையாளங்கள் ஒவ்வொன்றாய் வரும். பிழைத்தவர் பலருக்குப் பார்வை திரும்புவதில்லை. மருந்து இல்லாமலில்லை: கல்லீரலின் அந்த மாற்றத்தைத் தடுக்கும் ஃபோமெபிசோல், அது கிடைக்காத இடத்தில் மருத்துவர் அளவறிந்து தரும் எத்தனால், இரத்தச் சுத்திகரிப்பு. ஆனால் இவை யாவும் மணிக்கணக்கில் நடக்கும் பந்தயம். கள்ளக்குறிச்சியில் முதற்சாவுகள் நேர்ந்தபோது, சாராயத்தால் வந்த சாவு அன்று என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. ஆட்சியர் மாற்றப்பட்டது பிறகு. அந்த மறுப்பின் விலை எவ்வளவு என்பதைக் கருணாபுரத்துத் தெருக்களில்தான் கேட்க வேண்டும்.

இனி நம் இலக்கிய நண்பர்களிடம் வருகிறேன். மதுவைப் பற்றிப் பேச்செழுந்தால் சங்கப் பாடல்களில் கள் இல்லையா, அதியமான் ஔவைக்கு ஊற்றிக் கொடுக்கவில்லையா என்று கிளம்புபவர்கள் நம்மிடையே உண்டு. அதற்கு மறுமொழியாகத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நீட்டுபவர்களும் உண்டு. இவ்விரு தரப்பாரும் கவனிக்காத ஓரிடம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. ஆகவே இந்தத் தொண்டை மண்டலத்தின் பாட்டு, கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காட்டுக்கும் சொந்தமான பாட்டு. அதில் வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கும் மது எவ்வாறு ஆக்கப்பட்டது என்று புலவர் வரிசையாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லை இடித்துச் செய்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, வலிய வாயுள்ள சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்தது. முளைத்த தானியத்தில் உள்ள நொதிகள்தாம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன என்ற செய்தியை உலகம் ஆய்வுக்கூடத்தில் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வலைஞர் வீட்டுப் பெண்களின் கைப்பழக்கத்தில் அது அதற்கு முன்பே இருந்தது. ஆற்றிய பின்னரே அடையைச் சேர்க்க வேண்டும் என்பதையும் புலவர் விடவில்லை. சூட்டில் சேர்த்தால் நொதி செத்துப்போகும்.

நான் சுட்ட விரும்புவது அதில் இல்லாத ஒன்றை. அந்தப் பாட்டில் ஊறவைத்தல் உண்டு, பிழிதல் உண்டு, வடிகட்டுதல் உண்டு. ஆவியாக்கி வடித்தல் இல்லை. நறவு, தேறல், தோப்பி, அரியல், மட்டு, பிழி என்று சங்கத்தமிழ் வைத்திருக்கும் அத்தனை பெயர்களும் புளித்த மதுவின் பெயர்கள். சாராயம் பிற்காலத்துச் சரக்கு, பிற்காலத்துச் சொல். ஆகவே ஔவையைச் சாட்சிக்கு அழைத்துக் குக்கர்ச் சாராயத்துக்கு வாதாடுவது செல்லாது. அதேபோல, சாராயத்தின் கொடுமையைக் காட்டிக் கள்ளைத் தடைசெய்வதும் செல்லாது என்பதே என் கட்சி.

ஏனெனில் நம் சட்டம் இம்மூன்றையும் ஒரே சாடியில் ஊற்றிவிட்டது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அமைச்சரவை தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுமைக்கும் வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 தொடக்கத்தில் சாராயமும் கள்ளும் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டன. 2003இல் சில்லறை வியாபாரத்தை அரசே கையில் எடுத்துக்கொண்டது. இந்த வரலாற்றின் விளைவாக இன்று ஆலையில் சாராவியிலிருந்து செய்த சரக்கை அரசு முத்திரையோடு வாங்கலாம், மரத்திலிருந்து இறக்கியதை வாங்கலாகாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் கால்வைத்தால் அதே பனையின் கள் உரிமம் பெற்ற தொழில். பனைக்கு மாநில எல்லை தெரியாது. எல்லைக்கு இப்புறம், கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்புதான் பதநீருக்கும் குற்றத்துக்கும் இடையிலான கோடு. (சுண்ணாம்பு குறைந்த பதநீர் பிற்பகலில் தானே குற்றவாளியாகிவிடும் என்று ஒரு பனையேறி என்னிடம் சொன்னார். நீதிமன்றத்தில் இதை யார் எடுத்துச்சொல்வது?) கேரளத்திலும் புதுவையிலும் கள்ளுக்கடை உண்டு. இலங்கையில் கள்ளும் தென்னஞ்சாராயமும் உரிமத்தோடு விற்கப்படுகின்றன. திருட்டுத்தனமாய் வடிப்பதற்கு அங்கே 'கசிப்பு' என்று தனிப்பெயர் இருப்பதால் இரண்டும் குழம்புவதில்லை.

பெயர் குழம்பினால் என்ன நேரும்? மரக்காணச் சாவுகளின்போது, இது கள்ளச்சாராயம் அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அன்றைய காவல்துறைத் தலைவரே அறிக்கை விட்டார். பலர் அதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று எள்ளினர். தட்டிக்கழிக்கும் நோக்கம் இருந்ததோ இல்லையோ, அந்த வாக்கியம் உண்மை. அந்த மெத்தனால் சென்னைப் புறநகரின் ஒரு வேதிப்பொருள் ஆலையிலிருந்து வந்ததென்றே புலனாய்வு காட்டியது. அந்த வாக்கியத்திலிருந்து தொடர்ந்து செல்ல வேண்டிய கேள்விகளை நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் நடப்பது மலையடிவாரங்களில் ஊறல் அழிப்பு. ஆயிரக்கணக்கான லிட்டர் வெல்ல ஊறலைக் காவலர் கவிழ்க்கும் புகைப்படம் மறுநாள் வரும். கொன்ற பொருள் ஊறலே அன்று எனும்போது அந்தப் புகைப்படம் எதை நிரூபிக்கிறது?

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாராயம் விற்று வந்தவரின் கையில்தான் மெத்தனால் போய்ச் சேருகிறது. குடிப்பவர் சாராயம் என்று நம்பித்தான் குடிக்கிறார். விற்பனைச் சங்கிலி ஒன்றே என்பதால் காய்ச்சுபவரை விட்டுவைத்தால் கலப்பவருக்கும் வழி திறந்திருக்கும். உண்மைதான். ஆனால் இன்னொரு பக்கம், காய்ச்சுவது நெடுவேலை. வெல்லம் வேண்டும், பட்டை வேண்டும், விறகு வேண்டும், நாட்கள் வேண்டும், புகை காட்டிக்கொடுக்கும். நெருக்குதல் கூடக்கூட, புகையே வராத பீப்பாயை நோக்கி விற்பவர் நகர்கிறார். காய்ச்சுதலை மட்டும் வேட்டையாடும்போது கலத்தலுக்குப் பரிசளிக்கிறோம் என்று நான் அஞ்சுகிறேன்.

2012 செப்டம்பரில் செக் நாட்டில் கலப்பட மதுவால் பலர் இறந்தபோது, அந்த அரசு சில நாட்களுக்குள் வீரியமிகு மதுவகைகளின் விற்பனையை நாடு முழுவதும் நிறுத்திவிட்டு, வாகனக் கண்ணாடி கழுவும் திரவத்துக்கென வாங்கிய மெத்தனாலின் தடத்தைப் பிடித்தது. இங்கே 2024இல் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தோம். தண்டனை கூடியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மெத்தனாலைக் கணக்கு வைக்கும் ஏற்பாடு நம்மிடம் முன்னரே இருக்கிறது. மெத்தில் ஆல்கஹாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன.

சாயம், பிசின், மருந்து என்று மெத்தனாலுக்கு நேர்மையான தேவைகள் எத்தனையோ உண்டு. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகள் வேதிப்பொருள்களின்றி இயங்க முடியாது. எனவே தடை என்பது பேச்சன்று. எத்தனை பீப்பாய் உள்ளே வந்தது, எத்தனை உற்பத்தியில் செலவாயிற்று, மூடிக்கிடக்கும் ஆலையின் கிடங்கில் எத்தனை மிச்சம் என்ற கணக்கைக் கடைசிப் பீப்பாய்வரை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். பீப்பாயின்மேல் மண்டையோட்டுப் படத்தோடு, குடித்தால் கண் போகும், உயிர் போகும் என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதியிருக்க வேண்டும்; கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறவர்கள் படிக்கும் மொழிகள் அவை. தாலுகா மருத்துவமனையில் ஃபோமெபிசோல் இருப்பில் இருக்க வேண்டும். கள்ளுக்குத் தனி உரிமச் சட்டம் வேண்டும். நம் தமிழ்த்துறைகளும் செய்தி ஆசிரியர்களும் செய்யக்கூடிய சிறு வேலையும் ஒன்றுண்டு. அடுத்தமுறை செய்தி எழுதும்போது 'கள்ளச்சாராயம் குடித்து' என்பதற்குப் பதிலாக 'மெத்தனால் கொடுக்கப்பட்டு' என்று எழுதிப் பார்க்கலாம். முதல் வாக்கியத்தில் குடித்தவன் எழுவாய். இரண்டாவதில், கொடுத்தவன் யார் என்ற கேள்வி எழாமல் போகாது.