ரெண்டு ஊசி, ஒரு மூச்சு

"எண்டோஸ்கோப்பியா? லைட்டா ஒரு ஊசி, சின்னத் தூக்கம், அவ்ளோதான்" என்பவர்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது மக்களே.

ஒரு ஊசி இல்ல சாமி, பல இடங்களில் ரெண்டு. பதற்றத்துக்கு மிடசோலம், வலிக்கு ஃபென்டனில். தனித்தனியாகத் தாங்குகிற அளவே, சேர்ந்தால் மூச்சை அமுக்கிவிடும். இங்கே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டல்ல, மூணு. இந்த இரு வகை மருந்துகளும் சேர்வதைப் பற்றி அமெரிக்க எஃப்.டி.ஏ. 2016-லேயே கட்டம் போட்டு எச்சரித்தது. அளவைக் குறை, கொஞ்சம் கொஞ்சமா ஏற்று, பலன் தெரியும்வரை காத்திரு: இதுதான் பாடம். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு இருக்கு அந்தப் பொறுமை?

"அதான் விரல்ல கிளிப் மாட்டியிருக்கோமே!" ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்றாலும் அந்த எண் உடனே இறங்காது. வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபிதான் முந்திச் சொல்லும்.

"மாற்று மருந்து இருக்கே!" இருக்கு. ஆனா மிடசோலம் அடங்கும் முன்பே ஃப்ளூமசெனிலின் வேகம் தீர்ந்து, ஆள் மறுபடி மயங்கலாம்.

ஸ்கோப் பிடிக்கும் டாக்டரின் கண் திரையில். என் மூச்சைப் பார்ப்பதே வேலையாக நிற்பவர் யார்? கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்க. தினம் போடும் தூக்க மாத்திரையையும் மறைக்காம சொல்லுங்க. முறைச்சா முறைக்கட்டும், மூச்சு நம்மளோடது.