பாட்டுக்கு ஒரு கட்சி, ஆளுக்கு ரெண்டு கட்சி

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையானாலும் டீக்கடையானாலும் இளையராஜா பாட்டுக்கு எதிர்க்கட்சி கிடையாது. ஆளைப் பற்றிப் பேச்செடுத்தால்தான் கட்சி பிரியும்.

1976-ல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர். அப்படிப்பட்டவர், மேடையில் தன் பாடல்களைப் பாடியதற்காக 2017-ல் எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதைப் பழைய ரசிகர்கள் இன்னும் ஜீரணிக்கவில்லை. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு ஒலித்ததற்கும் நோட்டீஸ். “காசுக்காகவா?” என்று இளசுகள் முகம் சுளித்தார்கள்.

பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தான் செய்த பொம்மையை அடுத்தவர் அச்செடுத்து விற்றால் எந்தப் பட்டறைக்காரர் சும்மா இருப்பார்? ஆனால், மண்ணுக்கும் சூளைக்கும் பணம் போட்ட முதலாளிக்கும் பங்கு உண்டே! கோர்ட்டில் நடக்கும் வழக்குகளின் முடிச்சும் ஏறக்குறைய அதுதான்.

எஸ்.பி.பி. விஷயம் கோர்ட் வரை போகவில்லை. 2019-ல் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த வருஷம் எஸ்.பி.பி. கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ‘பாலு, சீக்கிரம் எழுந்து வா’ என்று வீடியோவில் கலங்கியவரும் நோட்டீஸ் அனுப்பிய அதே ராஜாதான்.