எழுத்து என்னும் எல்லை

சொல்லுக்குப் பொருள் வேண்டுமெனில் அகராதியைப் புரட்டுகிறோம். அங்கே முதலில் நிற்கும் பொருளைக் குறித்துக்கொண்டு மனநிறைவு அடைகிறோம். ஆனால் சொல் அகராதியில் பிறப்பதன்று. மக்கள் வழக்கில் பிறந்து, இடத்திற்கேற்பப் பொருள் விரிந்து, பின்னரே அகராதிக்கு வந்து சேர்கிறது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, விவிலியத்தின் அரமேயப் பகுதிகளில் வரும் 'கெதாப்' என்னும் சொல்லாகும்.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் அமைந்தது. எஸ்றா, தானியேல் ஆகிய நூல்களின் சில பகுதிகள் அரமேயத்தில் உள்ளன. பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியாக எகிப்து வரை ஓங்கி நின்ற மொழி அது. அப்பேரரசு வீழ்ந்த பின்னரும் அதன் செல்வாக்கு மறையவில்லை. காந்தகாரில் 1958ஆம் ஆண்டு கிடைத்த அசோகரின் கல்வெட்டு, கிரேக்கத்தோடு அரமேயத்திலும் பொறிக்கப்பட்டிருப்பது இதற்குச் சான்று.

க, த, ப என்னும் மூன்று மெய்களே 'கெதாப்' என்ற சொல்லுக்கு வேர். 'எழுதுதல்' என்பது இவ்வேரின் பொருள். இதே வேரிலிருந்து அரபியில் கிளைத்த 'கிதாபு', 'மக்தப்' என்னும் சொற்களைத் தமிழ் முஸ்லிம்கள் நன்கறிவர். யூதர்களின் திருமண ஒப்பந்தத்திற்கு வழங்கும் 'கெதுபா' என்ற பெயரும் இவ்வேரின் வழிவந்ததே.

விவிலிய அரமேயத்தில் 'கெதாப்' என்னும் பெயர்ச்சொல் 12 இடங்களில் வருகிறது. எங்கும் 'எழுத்து' என்றே பொருள் கொண்டுவிடலாமா? பார்ப்போம்.

தானியேல் நூலின் 5ஆம் அதிகாரத்தில், பெல்ஷாத்சார் அரசனின் விருந்து மண்டபச் சுவரில் ஒரு கையின் விரல்கள் எழுதுகின்றன. இங்கே 'கெதாப்' என்பது கண்ணால் காணும் எழுத்து. அரசவை அறிஞர்களால் அதைப் படிக்கவும் முடியவில்லை. பொருள் சொல்லவும் முடியவில்லை. படிப்பது வேறு, பொருள் உணர்வது வேறு என நூல் பிரித்தே பேசுகிறது. அச்சுவர்ச் சொற்கள் மினா, சேக்கல் முதலிய எடைகளின் பெயர்களே என்று பிரெஞ்சு அறிஞர் கிளேர்மோன் கன்னோ 1886இல் விளக்கினார். கடைத்தெருவில் அன்றாடம் புழங்கிய சொற்கள், அரண்மனையில் ஓர் ஆட்சியின் முடிவைச் சொல்லி நின்றன!

அடுத்த அதிகாரத்தில் அதே சொல் அரசாணை ஆகிறது. 30 நாள்களுக்குத் தன்னைத் தவிர வேறு எவரிடமும் வேண்டுதல் செய்யலாகாது என்ற ஆணையில் தரியு அரசன் கையொப்பமிடுகிறான். அது தானியேலை வீழ்த்த விரித்த வலை என்பதைப் பின்னரே உணர்கிறான். மேதியர், பாரசீகரின் சட்டப்படி இட்ட ஆணையை மாற்ற முடியாது. பொழுது சாயும்வரை முயன்றும், தான் மதித்த மனிதனைச் சிங்கக் குகையிலிருந்து மன்னனால் தடுத்து நிறுத்த இயலவில்லை.

எஸ்றா நூலில் இச்சொல் மேலும் வியப்பளிக்கிறது. எருசலேம் ஆலயப் பணிக்காக அர்தசஷ்டா மன்னன் தன் கருவூல அலுவலருக்கு ஆணையிடுகிறான். வெள்ளி 100 தாலந்து வரை, கோதுமை 100 கோர் வரை, திராட்சை இரசமும் எண்ணெயும் தலா 100 பாத் வரை கொடுக்கலாம். உப்புக்கு மட்டும் 'கெதாப்' இல்லை! 'எழுத்தில்லாத உப்பு' என்று மொழிபெயர்த்தால் யாருக்கு விளங்கும்? எழுதி வைத்த அளவு கிடையாது, வேண்டுமட்டும் கொடு என்பதே கருத்து. எழுத்து இங்கே எல்லை என்னும் பொருளைப் பெற்றுவிட்டது.

இந்த இடமே என் கருத்துக்கு அடிப்படை. எழுத்தின் முதற்பயன் நினைவைக் காப்பது என்பர். அதனினும் பெரிய பயன், அதிகாரத்திற்கு எல்லை வகுப்பது என்பேன். உப்புக்கு அளவு எழுதாமல் விட்டதால் பேரரசு ஏழையாகிவிடாது. வெள்ளிக்கும் அவ்வாறே விட்டிருந்தால்? கொடுப்பவன் விருப்பமும் பெறுபவன் ஆசையுமே அளவாகியிருக்கும்.

'தரியுவின் கதையில் எழுத்துதானே தீமை செய்தது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தீங்கு எழுத்தில் இல்லை. யாருக்காக, எதற்காக என்று ஆராயாமல் ஒப்பமிட்ட கையிலும், தவறென்று தெரிந்த பின்னும் திருத்த இடந்தராத சட்டத்திலுமே இருந்தது. ஆகவே எழுத்து வேண்டும். அது படித்து உணரப்பட வேண்டும். தவறெனில் திருத்தவும் வழி வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீதி நொண்டும்.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமரப் போகிறோம். கோப்புகள் நம் ஒப்பத்திற்காகக் காத்திருக்கும். தமிழில் 'கையெழுத்து' என்பது எழுதும் முறையையும் குறிக்கும், ஒப்பத்தையும் குறிக்கும். முன்னதை அழகாக்க முயலும் நாம், பின்னதைப் பொறுப்புடையதாக்கவும் பழக வேண்டும். நாம் இடும் ஓர் ஒப்பத்திற்குப் பின்னால் ஏதேனும் ஒரு மனிதனின் வாழ்வு இருக்கக்கூடும். அதைப் படித்தறிந்து ஒப்பமிடுவதே கற்றவர் கடமை.